நான் முடிந்த ஈரக்கொண்டை

ஹாஸ்டலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பெண்கள் நாலு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். "ஒங்க அனுபவத்தை எழுதிக் குடுங்கம்மா, எங்களுக்கு உதவும்" என்றார்கள். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுதினால் போதுமென்றால் எழுதுகிறேன். கூட்டுவது, மணி அடிப்பது, கேட் பூட்டுவதெல்லாம் நீங்களே ஒரு வாரத்தில் பழகிக்கொள்வீர்கள். நான் சொல்ல வேண்டியது எண்ணெயைப் பற்றி. அதிலும் நான் அடித்த ஒரு கூத்தைப் பற்றி.

1. ஒரு தலைக்கு ஒரு கரண்டி

திண்டுக்கல்லில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் ஹாஸ்டலில் ஆயாவாகச் சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஷாப்பில் கையில் அடிபட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிய வேண்டும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு இதுதான் காரணம்.

முதல் நாள் வார்டனம்மா ஸ்டோர் ரூம் சாவியையும் ஒரு இரும்புக் கரண்டியையும் என் கையில் கொடுத்தார். "அந்தோணியம்மா, எண்ணெய் உன் பொறுப்பு. ஒரு தலைக்கு ஒரு கரண்டி. நீளமுடி, கட்டைமுடி எல்லாம் ஒண்ணுதான்" என்றார். முழங்கால் வரை முடி இருக்கிறவளுக்கும் எலிவால் சடைக்காரிக்கும் ஒரே கரண்டியா? சரிம்மா என்று தலையாட்டிவிட்டு, எலிவாலுக்கு முக்கால் கரண்டி, மீதியை நீளமுடிக்கு என்று நானே பிரித்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு இது தெரியும். எலிவால்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். "ஒன் தலைக்கு இதே சாஸ்தி, போடீ" என்பேன். எனக்கு எண்ணெய் அந்தோணி என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயில் சீரகமும் நாலு மிளகும் போட்டுக் காய்ச்சுவேன். சீரகம் சிவந்ததும் இறக்கிவிட வேண்டும், கருக விட்டால் எண்ணெய் காந்தும். கை பொறுக்கிற சூட்டில் வைக்க வேண்டும். முடிக்கு மேலே வழவழவென்று பூசி என்ன பிரயோசனம்? வகிடு வகிடாகப் பிரித்து, தலைத்தோலில் படும்படி, நகம் படாமல் விரல் நுனியால் தேய்க்க வேண்டும். கிணற்றடித் துவைகல்லில் வரிசையாக உட்கார வைத்துத் தேய்ப்பேன். அப்புறம் அரப்பு, சீயக்காய். பேன் தலைக்கு மட்டும் வேப்பெண்ணெய், அவர்களுக்குத் தனித் துண்டு. மற்ற நாட்களுக்குத் தேங்காயெண்ணெய். எண்ணெய் எல்லாம் ராவுத்தர் கடையில்தான். கலப்படம் என்ற பேச்சே கிடையாது.

2. வேதக்காரியின் பயம்

நான் சேர்ந்து நாலைந்து வருஷம் கழித்து முத்துப்பேச்சி வந்தாள். அய்யலூர்ப் பக்கம். தாய் இல்லை. அப்பா ஆட்டு யாவாரி. சுருட்டை முடி, அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். மூன்று எலிவால்களின் பங்கு இவள் ஒருத்திக்கே போய்விடும். அவ்வளவு எண்ணெயையும் குடித்துவிட்டு இன்னும் கேட்கிற முடி அது.

இரண்டாம் வருஷம், பரிட்சைக்கு அஞ்சு மாதம் இருக்கும்போது அவளுக்குச் சின்னம்மை போட்டது. ஊரில் இவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அப்பா வந்து, நோயாகிற பிள்ளைகளைப் படுக்க வைக்கிற சிக் ரூம் வாசலில் நின்று, "ஆத்தா, எம்பிள்ளைய மட்டும் எனக்குக் குடுத்துரு" என்று கும்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "ஒங்களை நம்பித்தாம்மா விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். எங்கள் வீட்டிலும் அம்மை போட்டால் வேப்பிலைதான், தாளிக்க மாட்டோம்தான். ஆனாலும் இது இன்னொருத்தர் பிள்ளை, இன்னொருத்தர் சாமி. 'வேதக்காரி கையில விட்டோம், முறை தப்பிட்டா' என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே பயம். எண்ணெய் படக் கூடாது என்றால் எண்ணெய்க் கிண்ணத்தையே அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டேன். சீப்பு படக் கூடாது என்றால் சீப்பைக் கண்ணிலேயே காட்ட மாட்டேன். அவர்கள் வீட்டுப் பெண்கள் பார்த்திருந்தால், சீப்பு படாவிட்டாலும் விரலாலாவது கோதிவிட்டிருப்பார்கள். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நான் அவர்களைவிட ஒரு படி மேலே போய்விட்டேன்.

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று பிள்ளைக்கு உட்காரக்கூடத் தெம்பில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தேய்த்த தலை. சரியாக அலசவுமில்லை. நடுங்குகிறாளே என்று அவசரமாக முறுக்கிக் கொண்டையாக முடிந்து, மேலே ஒரு துண்டை இறுக்கிக் கட்டிப் படுக்க வைத்தேன். அதற்குப் பிறகு காய்ச்சல் திரும்பி வந்தது. கஞ்சி, மருந்து, கஞ்சி, மருந்து என்று ஓடினேன். இருபத்தாறு நாள் அந்தத் துண்டை நான் அவிழ்க்கவில்லை.

3. அந்தச் சொல்

ஒரு புதன்கிழமை. பேச்சி தேறிவிட்டாள், நாளை மறுநாள் எண்ணெய் வைக்கலாம் என்று துண்டை அவிழ்த்தேன். கொண்டை அவிழவில்லை. பிடரியில் தேங்காய்ப் பருமனுக்கு ஒரே உருண்டை, அதிலிருந்து கீழே கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு தொங்குகிறது. மஞ்சள் காய்ந்து பசை போட்ட மாதிரி ஒட்டியிருக்கிறது.

எட்டிப்பார்த்த பிள்ளைகளில் ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். "அய்யய்யோ, சடை விழுந்திருக்கு. ஆத்தா எறங்கியிருக்கா!" என்றாள்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் சிக் ரூம் வாசலில் கோலம், விளக்கு, குங்குமம். நேற்றுவரை பேச்சியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவளெல்லாம் தள்ளி நின்று பேசுகிறாள். அப்பாவுக்குக் கடுதாசி போய்விட்டது. சடை விழுந்த தலையில் சீப்பு வைக்கக் கூடாது, கத்திரி வைக்கக் கூடாது. அவர்கள் ஊரில் அப்படி விழுந்த பெண் கோயிலுக்குப் போய்விடுவாளாம். படிப்பு, கல்யாணம் ஒன்றும் கிடையாது.

எனக்குத் தெரியும் அது என்ன சடை என்று. ஈரத்தலையை முறுக்கிக் கட்டி ஒரு மாதம் போட்டால் எந்தத் தலையும் அப்படித்தான் ஆகும். ஆனால் வாயைத் திறந்தால், பிள்ளையை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அந்தச் 'சடை' என்கிற சொல் எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அன்று கஞ்சி கொடுக்கும்போது பேச்சி கேட்டாள்: "ஏம்மா, ஆத்தா வந்தா ஒடம்பு சிலுக்கும்பாங்களே. எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. அரிக்குது, அம்புட்டுதான். நெசமாவே ஆத்தாளா?"

"கஞ்சியைக் குடி" என்றேன். பாவி.

4. ராவுத்தர் கடை

மறுநாள் வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய் வாங்க ராவுத்தர் கடைக்குப் போனேன். "என்ன தங்கச்சி, மொகம் செத்துப்போயிருக்கு?" என்றார். யாரிடமாவது கொட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க வாப்பா ஜட்கா வண்டி வச்சிருந்தாரு. மழைக்காலத்துல குதிரைப் பிடரி இப்படித்தான் கட்டிக்கும். வெளக்கெண்ணெய்ல ஊறப்போட்டுப் பிரிப்பாரு" என்றார்.

"நல்லாருக்கே, எம்பிள்ளையைக் குதிரைங்கிறீகளா?"

"குதிரைக்குப் பிரிஞ்சது பிள்ளைக்குப் பிரியாதா? கேட்டுக்க. வெளக்கெண்ணெயை வெதுவெதுன்னு பண்ணி மொதல்ல ஊற வையி. மறுநாள் நல்லெண்ணெய். சீப்பைத் தொடாத. கோணி ஊசியோட காதுப் பக்கத்தால, அடியிலிருந்து நூல் நூலா எடு. தண்ணி மட்டும் பட விட்டுறாத, மறுபடி இறுகிக்கும்." விளக்கெண்ணெய்ப் பாட்டிலை என் கூடையில் வைத்தார். வைத்த கையை எடுக்காமலே சொன்னார்: "எண்ணெயை நான் தாரேன் தங்கச்சி. வாயை நீதான் தொறக்கணும்."

திறந்தேனா? வெள்ளியும் போனது, சனியும் போனது. பாட்டில் ஸ்டோர் ரூமில் கிடந்தது.

5. ஞாயிற்றுக்கிழமை

பேச்சியின் அப்பா சொந்தக்காரர்கள் நாலு பேரோடு வந்தார். மாலை, மஞ்சள் சேலை எல்லாம் கையில். வார்டனம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க நம்பிக்கை அது. நாம குறுக்கே நிற்கக் கூடாது. ரெஜிஸ்டர்ல பேரை எடுத்துட வேண்டியதுதான்" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பேச்சி அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, நோட்டுப் புத்தகங்களை எடுத்துப் பக்கத்துக் கட்டில்காரியிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஒவ்வொரு நோட்டாக அட்டையைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள்ளே என்னவோ அறுந்துபோச்சு. நேரே வராந்தாவுக்குப் போனேன்.

"அய்யா, ஒங்க ஆத்தா வந்தாளா வரலையான்னு சொல்ல நான் யாரு? நான் வேதக்காரி. ஆனா அந்தக் கொண்டையை முடிஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும். இந்தக் கைதான். மூணாந் தண்ணி ஊத்தி, ஈரத்தோட, அலசாம முறுக்கி முடிஞ்சேன். இருபத்தாறு நாளு தொடல. கொறை சொல்லிருவீகளோன்னு பயந்துபோய்த் தொடல. எண்ணெய் போட்டுப் பிரிச்சுப் பாக்க விடுங்கய்யா."

கூட வந்த ஒருத்தர் எகிறினார்: "வேதக்காரி பேச்சைக் கேட்டு ஆத்தாளைச் சோதிக்கச் சொல்றியாம்மா?"

"செத்த இருப்பா" என்று பேச்சியின் அப்பா கையமர்த்தினார். என்னையே பார்த்தார். "ஈரத்தோடயா முடிஞ்சீக?"

"ஆமாய்யா."

"ஏன் இம்புட்டு நாளு சொல்லல?"

"வேலை போயிரும்னு."

"இப்ப மட்டும் போகாதா?"

"போகட்டும். அவ படிப்பு போறதுக்கு என் வேலை போகட்டும்." சொல்லிவிட்டேனே தவிர, வார்டனம்மா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

அவர் மகளைக் கூப்பிட்டார். "நீ என்ன சொல்றே பேச்சி?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரிச்சைக்கு நாலு மாசந்தாம்ப்பா இருக்கு" என்றாள்.

அவர் மகள் பிடரியில் இருந்த அந்த உருண்டையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "பிள்ளையைக் குடுன்னு ஆத்தாகிட்டக் கேட்டேன். குடுத்துட்டா. திருப்பி அவ கேட்டா நான் குடுத்துத்தான் ஆகணும். அவ கேக்காம நானா கொண்டுபோய் விடுறதும் தப்பு. வியாழக்கிழமை சந்தை முடிச்சு, வெள்ளிக்கிழமை காலைல வாரேன். கத்திரி படக் கூடாது, பிச்சு எறியக் கூடாது. முழுசாப் பிரிஞ்சா அது சிக்கு. ஒரு முடிச்சு பாக்கி இருந்தாலும் அவ ஆத்தாளுக்கு."

அவர்கள் போனபின் வார்டனம்மா என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். "உன்னை அனுப்ப எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது" என்றார். கை கட்டி நின்றேன். மூச்சு வாங்கியபின் சொன்னார்: "ஆனா இனிமே ஈரத்தலையை முடியவே மாட்டாள்னு நான் நம்பக்கூடிய ஆயா இந்த ஊர்ல நீ ஒருத்திதான். போ, போய் எண்ணெயைக் காய்ச்சு." அந்த அம்மாவுக்கு நான் எந்த ஜென்மத்தில் கடன் தீர்ப்பேன்?

6. கோணி ஊசி

அன்று மாலையே விளக்கெண்ணெயை வெதுவெதுப்பாக்கி உருண்டைமேல் ஊற்றித் துணி சுற்றினேன். திங்கட்கிழமை பிடித்துப் பார்த்தால் ஓரம் கொஞ்சம் இளகியிருந்தது. நல்லெண்ணெயைத் தொட்டுத் தொட்டு, கோணி ஊசியின் காதுப் பக்கத்தால் கீழ் நுனியிலிருந்து தொடங்கினேன். ஒரு இணுக்கு பிரிய அரைமணி நேரம். நான் செய்கிற கூட்டுவது, மணி அடிப்பதையெல்லாம் பிள்ளைகளே முறை போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு 'ஆத்தா எறங்கியிருக்கா' என்று கும்பிட்டவளே வந்து எண்ணெய்க் கிண்ணம் பிடித்தாள்.

பேச்சி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உரக்கப் படிப்பாள். குழந்தைக்கு எண் கற்பிப்பது எப்படி, முரட்டுப் பிள்ளையை வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று எல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. "டீச்சரம்மா, இந்த முரட்டு முடியை வழிக்குக் கொண்டுவர ஒங்க புத்தகத்துல ஏதாச்சும் போட்டிருக்கா?" என்று கேட்பேன். அத்தனை வலியிலும் சிரிப்பாள்.

செவ்வாய் முடிவில் கயிறு பிரிந்தது. புதனன்று உருண்டை பாதியாயிற்று. என் விரல் நுனியெல்லாம் வீங்கிப்போய், சோற்றைப் பிசைய முடியவில்லை. வியாழன் சாயங்காலம் பார்த்தால், பிடரியில் தலைத்தோலை ஒட்டி, எலுமிச்சங்காய் அளவுக்கு ஒன்றே ஒன்று பாக்கி. அது மட்டும் கல். ஊசி போனால் தோல் நோகிறது, இழுத்தால் ரத்தம் கசிகிறது. இருட்டிக்கொண்டு வந்தது.

ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கத்திரியை எடுத்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு முடிக்குள்ளே ஒரு எலுமிச்சங்காயை நறுக்கினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை. கத்திரிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"வேணாம்மா. நீங்க எங்க அப்பாகிட்ட நெசத்தைச் சொல்லிட்டீக. இப்பப் போய்ப் பொய் வேணாம்" என்றாள்.

கத்திரியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

7. வெள்ளிக்கிழமை

காலையில் கிணற்றடியில் எல்லாப் பிள்ளைகளும் தலையை விரித்துப்போட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பஸ்ஸில் அவர் வந்தார். இந்தத் தடவை தனியாகத்தான் வந்தார். பெண்கள் எண்ணெய் தேய்க்கிற இடமென்று தயங்கி வெளியிலேயே நின்றார். வார்டனம்மாதான், "வாங்க" என்று உள்ளே கூட்டி வந்தார்.

பேச்சியின் முடியை நான் முன்பக்கம் தள்ளிப்போட்டு, பிடரியைக் காட்டினேன். மறைக்க ஒன்றுமில்லை. "ஒண்ணு பாக்கிய்யா" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார். அப்புறம் தோள் துண்டை எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு, மகளுக்குப் பின்னால் துவைகல்லில் உட்கார்ந்தார். உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார்.

"எண்ணெய் ஊத்துங்கம்மா."

ஒரு கரண்டி ஊற்றினேன். ஊசியை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார். கட்டைவிரலால் அந்த முடிச்சை அமுக்கி அமுக்கி உருட்டினார். "ஆடு கட்டுற கயிறு மழையில நனைஞ்சா இப்படித்தான் இறுகும். இழுத்தா இன்னும் இறுகும். உள்ள தள்ளணும்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். இத்தனை நாளும் நான் இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் தள்ளினார். வரிசையில் ஒரு பிள்ளைகூட எழுந்து போகவில்லை.

"வலிக்குதா பேச்சி?"

"இல்லப்பா."

"பெறகு எதுக்கு அழுகுறே?"

வெயில் கிணற்றடிக்கு வந்துவிட்டது. திடீரென்று அவர் கை நின்றது. உச்சியிலிருந்து விரல்களை விட்டு இழுத்தார். தடையில்லாமல் நுனி வரைக்கும் போனது.

"சிக்குத்தேன்" என்றார். எண்ணெய்க் கையோடு ஆகாயத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். என்னிடம் திரும்பி, "நீங்க முடிஞ்சீக, நான் அவுத்துட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டிப் படிக்க அனுப்புங்கம்மா" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை.

பேச்சி பரிட்சை எழுதினாள், பாஸானாள், சேவுகம்பட்டிப் பக்கம் டீச்சராக வேலைக்குப் போனாள்.

பெண்களா, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். சிக் ரூமில் எந்தப் பிள்ளை படுத்தாலும், அது எந்தச் சாமி கும்பிடுகிற பிள்ளையானாலும், எண்ணெய் வைக்கக் கூடாத நாளானாலும், தினம் ஒரு தடவை விரலாலாவது தலையைக் கோதிவிடுங்கள். ஈரத்தோடு முடியாதீர்கள். அதையும் மீறித் தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், நாலு நாள் ஒளியாதீர்கள். சொன்னால் எல்லாரும் என்னைக் கல்லால் அடிப்பார்கள் என்றுதான் நான் பயந்தேன். அந்த மனுஷன் 'பிரியல' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டி எண்ணெய் கேட்டார்.